ஸ்ட்ரேட்டனின் கணுக்கால்

இந்த வருஷமும் கடைசியில் வந்தால் எமில் ஹுடாக்கின் நாற்காலி போய்விடும். எழுபத்தொரு வயதில் போனால் போனதுதான். திரும்ப வராது.

ஸ்லோவாக் குடியேறிகள் சங்கக் கூடத்தின் பின்னறையில் மொத்தம் பத்து நாற்காலி. பத்துப் பேரும் ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மத்தியானம் கூடி உட்கார்ந்து, டிவியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிற நிஜ ஆட்களைச் சுற்றுச் சுற்றாகப் பெயர் சொல்லிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் தொடக்கூடாது. அப்புறம் டிசம்பர் வரைக்கும் அந்த ஆட்கள் ஓடுகிற கஜத்துக்கும் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போடுகிற டச்டவுனுக்கும் புள்ளி. வாரா வாரம் இவர்களுக்குள் ஜோடி ஜோடியாக மோதல். ஓடி விழுந்து இடுப்பொடிகிறவன் எங்கோ இருக்கிறான். ரத்தக்கொதிப்பு ஏறுகிறவன் இங்கே இருக்கிறான்.

மூன்று வருஷம் தொடர்ந்து கடைசியில் வந்தவர் எழுந்து போய்விட வேண்டும், நாற்காலி வெளியே காத்திருக்கிற ஆளுக்கு என்பது சட்டம். எமில் இரண்டு வருஷம் மண்ணைக் கவ்வியாகிவிட்டது. பக்கத்து ஊர்ப் பல் டாக்டர் ஒருத்தன் நாற்காலிக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

போனால் போகட்டும், வீட்டில் உட்கார்ந்து பீர் குடிக்கலாம் என்று விட முடியாது. மகன் டாரனும் அந்தப் பத்தில் ஒருத்தன்.

எமிலின் மனைவி மார்ஜ் இறந்த மாதம், மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, படுக்கையைக் கீழே மாற்றிக்கொள்ளலாம் என்று டாரன் சொன்னான். கிழவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. என்னைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டு வீட்டை அமுக்கப் பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டார். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். மருமகள் ரெனேயையும் விட்டுவைக்கவில்லை. அன்றைக்கு அறுந்தது ஆறு வருஷமாக ஒட்டவில்லை. கிறிஸ்துமஸ் கிடையாது, பிறந்தநாள் கிடையாது. கூடத்தில் கூடும்போது மட்டும் ஒரே அறையில் உட்காருவார்கள். இருவர் அணியும் மோதுகிற வாரத்தில் டாரன் போன் பண்ணுவான். "கிழவா, உன் ஆளுங்களுக்கு ஆம்புலன்ஸ் சொல்லி வெச்சிட்டியா?" என்பான். இவரும் பதிலுக்கு நாலு கொடுப்பார். அப்பனுக்கும் மகனுக்கும் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான். நாற்காலி போனால் அதுவும் போச்சு.

அதனால் ஆகஸ்ட் முழுக்கக் கிழவருக்கு வேறு நினைப்பில்லை. முதல் ஆளாக ஒரு ரன்னிங் பேக்கை எடுக்க வேண்டும். பந்தை மார்போடு இறுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் முட்டிப் புகுந்து ஓடுகிறவன். நல்லவன் ஒருத்தன் மாட்டினால் வருஷம் பிழைத்தது. மாட்டாவிட்டால், போன வருஷம் மாதிரி முதல் வாரமே எடுத்த ஆளின் முழங்கால் கிழிந்து, தெருவில் நிற்க வேண்டியதுதான்.

முறைச்சீட்டு குலுக்கியதில் எமிலுக்கு ஐந்தாவது முறை வந்தது. ஆறாவது டாரனுக்கு. ஐந்தாவது முறைக்கு இரண்டு ரன்னிங் பேக்குகள் மிஞ்சுவார்கள் என்று கணக்குப் போட்டார். ஒருத்தன் ஸ்ட்ரேட்டன், இன்னொருத்தன் பிங்க்னி.

ஸ்ட்ரேட்டனுக்கு இருபத்தொன்பது வயது. ஓடுகிறவனுக்கு அது கிழ வயது. போன வருஷம் மாடு மாதிரி உழைத்திருக்கிறான், அந்த உழைப்பு காலில் எங்காவது தேங்கித்தான் இருக்கும். ஆனால் முன்னால் வழி திறந்துவிடுகிற தடியர்கள் ஐந்து பேரும் அப்படியே இருக்கிறார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் போனால் பந்து இவன் கைக்குத்தான் வரும். பிங்க்னி இளசு, மீன் மாதிரி நழுவுவான். ஆனால் கோடு நெருங்கினதும் அவனை உட்கார வைத்துவிட்டு ஒரு தடியனை இறக்குவார்கள். எதிராளியை மறித்து நிற்கத் தெரியாததால் பந்து வீசுகிற நேரத்திலும் வெளியே எடுத்துவிடுவார்கள். பார்க்க அழகு, புள்ளியில் பாதி ஆள்.

பத்திரிகைக்காரன் எழுதுவதை எமில் நம்ப மாட்டார். டிவியில் டை கட்டிக்கொண்டு பேசுகிறவனையும் நம்ப மாட்டார். கம்ப்யூட்டர் சொல்கிற கணக்கு இன்னும் மோசம், தப்பாய்ப் போனால் சட்டையைப் பிடிக்க ஆளில்லை. தன் கண்ணை நம்புவார். அந்தக் கண்ணுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பயிற்சி ஆட்டம் ஒன்றில்கூட ஸ்ட்ரேட்டன் இறங்கவில்லை. பெரிய ஆளுக்கு ஓய்வு என்றார் கோச். பெரிய ஆட்களுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம்தான். கோச் பொய் சொல்வதும் வழக்கம்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. டாரன். மோதல் வாரம் இல்லை, ஆட்டமே தொடங்கவில்லை.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றார்.

"யாரும் சாகல. அப்பா, ஒண்ணு சொல்றேன், கேளு. ஸ்ட்ரேட்டனை எடுக்காத."

"ஏன்?"

"கணுக்கால் போச்சு. வெளிய சொல்லல. அவன் கட்டுப் போட்ட கால இழுத்துக்கிட்டு பயிற்சி முகாம் பின்வாசல் வழியா போறதைப் பாத்த ஆள் எனக்குத் தெரியும்."

"எந்த ஆளு?"

"பேரு சொல்ல முடியாதுப்பா. அவன் வேலை போயிடும்."

"பேரில்லாத ஆளு," என்றார் எமில்.

"ஆமா. பேரில்லாத ஆளு. பிங்க்னியை எடு, பொழச்சுப்ப. அவ்வளவுதான், வெக்கிறேன்."

வைத்துவிட்டான். கிழவர் போனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பின்னறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஆள் எடுப்புக்கு முந்தின வாரம் யார் என்ன சொன்னாலும் பொறுப்பில்லை. அந்த வாரத்தில் சொல்கிற பொய் பொய்க் கணக்கில் சேராது, சாமர்த்தியக் கணக்கில் சேரும். ஒரு வருஷம், பத்தில் ஒருத்தனான லூ பெரேட்டா ஒரு நல்ல ஆட்டக்காரனைப் பாதிரியாராகப் போய்விட்டான் என்று கதை கட்டி, நாலாவது சுற்றில் அவனை அள்ளிக்கொண்டு போனான். எமிலே ஒருமுறை, ஒருத்தனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று சொந்த மகனிடம் அடித்துவிட்டிருக்கிறார். டாரன் நம்பி ஏமாந்தான். கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான்.

இப்போது பழி வாங்குகிறானா? ஐந்தாவது முறை இவருக்கு, ஆறாவது அவனுக்கு. இவர் ஸ்ட்ரேட்டனை விட்டால் அடுத்த மூச்சில் அவன் மடியில் விழுவான். திட்டம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. ஆனால் குரலில் கிண்டல் இல்லை. கிண்டல் இல்லாத குரலில் சொல்கிற பொய்தானே நல்ல பொய். வெள்ளி, சனி முழுக்க இப்படியே உருட்டிக்கொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை. ஒரு நேரம் மகனை நம்பினார், மறு நேரம் அப்படி நம்பினதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் வழக்கமான கூச்சல். மேசையில் பியரோகிக் கொழுக்கட்டை, பூண்டு வாசம் அடிக்கிற தொத்திறைச்சி, பீர். சுவரில் பெரிய அட்டை. ஒவ்வொருவரும் பெயர் சொன்னதும் பெர்னிஸ் அந்த ஆட்டக்காரனின் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டுவாள். லீக்கை நடத்துகிறவள் அவள்தான், கூடத்து பாரையும் அவள்தான் பார்க்கிறாள். ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் முடிந்தது. கடவுள் வந்தாலும் உரிக்க மாட்டாள்.

"யோவ் எமில், அந்த நாற்காலில ஒரு மெத்தை போடச் சொல்றான்யா பல் டாக்டர்," என்றான் லூ. "அவனுக்கு மூலமாம்."

"உன் வாயில முதல்ல நாலு பல்லைப் புடுங்கச் சொல்லு," என்றார் எமில்.

நாலு பேர் எடுத்து முடித்தார்கள். ஸ்ட்ரேட்டனும் இருந்தான், பிங்க்னியும் இருந்தான். கணக்கு அச்சாக நடந்தது.

"எமில், உன் முறை," என்றாள் பெர்னிஸ். மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள்.

அவர் டாரனைப் பார்த்தார். அவன் பியரோகியை முள்கரண்டியால் குத்திக்கொண்டு தலை நிமிராமல் இருந்தான். ஆசைப்படுகிறவன் அப்படித்தான் முகத்தை மறைப்பான். கவலைப்படுகிறவனும் அப்படித்தான் மறைப்பான். மணல் இறங்கிக்கொண்டே இருந்தது.

"ஆளு உசுரோட இருக்காரா, யாராவது கிள்ளிப் பாருங்கப்பா," என்றான் லூ.

"ஸ்ட்ரேட்டன்," என்றார் எமில்.

பெர்னிஸ் பச்சை ஸ்டிக்கரை உரித்து அழுத்தி ஒட்டினாள். கிழவர் மகன் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினார். அவன் மேசையை அடிப்பான், கெட்ட வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தார். அப்படி நடந்தால் நாற்காலி காப்பாற்றப்பட்டது.

டாரன் கரண்டியை வைத்தான். "பிங்க்னி," என்றான். அவ்வளவுதான். பொய் தோற்றுப் போனவனின் குரல் இல்லை அது.

இடைவேளையில் எல்லோரும் சாப்பாட்டைச் சுற்றி மொய்த்தார்கள். டாரன் வெளியே கார் நிறுத்துகிற இடத்துக்குப் போனான். கிழவரும் பின்னாலேயே போனார். வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது.

"எதுக்கு அப்படிச் சொன்னே?" என்றார் எமில்.

"எதை?"

"கணுக்கால்."

"போயிருக்குதுன்னு சொன்னேன். போயிருக்குது." டாரன் சிகரெட்டைப் பற்ற வைக்காமலே விரலில் உருட்டினான். "ரெனேயோட தம்பி அந்த முகாம்ல துணி துவைக்கிறான். அவன் பாத்தான். இப்ப பேரும் சொல்லிட்டேன், போதுமா?"

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? ரெனே தம்பின்னாலே உனக்கு ஆகாது."

கிழவர் இளகின தாரைச் செருப்பு நுனியால் கீறினார்.

"சரி விடு," என்றான் டாரன். "மாத்திக்கலாம். பிங்க்னியை நீ வெச்சுக்கோ. ஸ்ட்ரேட்டனை எனக்குக் குடு. ஒண்ணுக்கு ஒண்ணு. பெர்னிஸ் கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

எமிலுக்கு மண்டையில் ஏதோ பளீரென்று எரிந்தது. இதுதானா விஷயம்! இதுக்குத்தானா இவ்வளவு சுற்று!

"அப்ப கால் நல்லாத்தான் இருக்கு!" என்று கத்தினார். "நொண்டிக் குதிரையை எவனாவது கேட்டு வாங்குவானா? என்னை என்ன, நேத்துப் பொறந்தவன்னு நெனச்சியா?"

டாரன் சிகரெட்டை உருட்டுவதை நிறுத்தினான்.

"நான் போன வருஷம் ரெண்டாவது வந்தேன்," என்றான் மெதுவாக. "ஒரு வருஷம் நொண்டிக் குதிரையை வெச்சு ஓட்டினாலும் என் நாற்காலி போகாது. உன்னுது போகும். நீ இங்கேர்ந்து போயிட்டா அப்புறம் உனக்கும் எனக்கும் என்னப்பா இருக்கு?"

கேட்க வேண்டிய பேச்சு அது. ஆறு வருஷமாக அந்த ஒரு பேச்சுக்காகத்தான் காது காய்ந்து கிடந்தது. ஆனால் காது கேட்டதும் மனம் என்ன சொன்னது தெரியுமா? இவ்வளவு நன்றாகப் பேசுகிறானே, எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பான் என்றது. சந்தேகம் என்பது சொறி மாதிரி. சொறிந்து பழகின விரல் தானாகப் போகும்.

"மாத்த மாட்டேன்," என்றார்.

டாரன் சிகரெட்டைப் பெட்டிக்குள் திருப்பிச் செருகிவிட்டு உள்ளே போனான்.

புதன்கிழமை செய்தி வந்தது. ஸ்ட்ரேட்டனுக்குக் கணுக்காலில் அறுவை, இந்த வருஷம் ஆட மாட்டான். டிவியில் டை கட்டினவன் ரொம்ப வருத்தத்தோடு சொன்னான். கிழவர் டிவியை அணைத்துவிட்டு இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்த டிவியில் அவர் முகம்தான் தெரிந்தது.

மகனுக்குப் போன் பண்ணவில்லை. என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

முதல் வாரம் தோற்றார். இரண்டாவது வாரம் தோற்றார். மூன்றாவது வாரம் லூவிடம் தோற்றார். லூ கூடத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு டேப்பை எடுத்து அந்த நாற்காலியை அளந்தான். எல்லோரும் சிரித்தார்கள். டாரன் சிரிக்கவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அது சிரிப்பைவிட மோசமாகச் சுட்டது. அங்கே பிங்க்னி பறந்துகொண்டிருந்தான். கோட்டுப் பக்கம் இறங்குகிற தடியனுக்கு வயிற்றுப்போக்கோ என்னவோ, பந்து முழுக்கப் பிங்க்னி கைக்கே வந்தது. எமில் போட்ட கணக்கில் அதுவும் தப்பு.

நாலாவது வாரம் மோதல் டாரனோடு. சனிக்கிழமை வரட்டும், கிண்டல் போன் வருகிறதா பார்க்கலாம் என்று முதலில் நினைத்தார். அப்புறம் வராது என்று நினைத்தார். வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

யாரும் எடுக்காமல் கிடக்கிற ஆட்களில் ஒருவரை ஒவ்வொரு வாரமும் சேர்த்துக்கொள்ளலாம். கடைசி இடத்தில் கிடக்கிறவருக்கு முதல் உரிமை. அந்த வாரம் குப்பையில் ஒரு மாணிக்கம் கிடந்தது. கெய்ன்ஸ் என்று ஒருத்தன். அவன் அணியின் முதல் ஆள் தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில் ஞாயிற்றுக்கிழமை இவன் இறங்கிக் காட்டுத்தனமாக ஓடியிருந்தான். ஊரே அவன் பேச்சு. எமில் பெர்னிஸுக்குப் போன் போட எண்ணை அழுத்தினார். பாதியில் நிறுத்திவிட்டு வேறு எண்ணை அழுத்தினார். ஆறு வருஷத்தில் அவராக அழுத்தாத எண்.

"என்ன?" என்றான் டாரன்.

"எனக்கு ஒரு ரன்னிங் பேக் வேணும். யாரை எடுக்கறது?"

"யாரு?" என்று ரெனே கேட்பது தூரத்தில் கேட்டது.

"இந்த வாரம் உன்னோட மோதறது நான்தான், தெரியுமில்ல?"

"தெரியும்."

"கெய்ன்ஸ் வேணாம்," என்றான் டாரன். "தொடை பிடிச்சவன் இந்த ஞாயித்துக்கிழமை திரும்பிடுவான். கெய்ன்ஸ் மறுபடி பெஞ்சுதான். பெல்ச்சரை எடு."

பெல்ச்சரா! பந்தைக் கீழே போடுகிறதற்கென்றே பிறந்தவன். கிழவருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கெய்ன்ஸை நீ எடுக்கப் பார்க்கிறாயா என்று கேட்க வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சரி," என்றார்.

பெர்னிஸ் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். "ஏம்ப்பா, முதல் உரிமையை வெச்சுக்கிட்டு பெல்ச்சரா? யார் சொன்னா?"

"டாரன் சொன்னான்."

"அவன் இந்த வாரம் உன் எதிரிய்யா."

"ஒட்டும்மா."

கெய்ன்ஸை லூ எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை தொடை பிடித்தவன் திரும்ப வந்தான், முதல் கால்மணியிலேயே மறுபடி தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கெய்ன்ஸ் இறங்கினான். மூன்று டச்டவுன். பெல்ச்சர் பத்தொன்பது கஜம் ஓடி, இரண்டு தடவை பந்தைக் கீழே போட்டான். எமில் அணி மூக்குடைபட்டுத் தோற்றது. இனி பாக்கி இருக்கிற வாரங்களில் பெரும்பாலும் ஜெயித்தால்தான் நாற்காலி. அவர் அணியைப் பார்த்தால் நாய்கூட அந்தப் பந்தயம் கட்டாது.

சாயங்காலம் லூ போனில் நன்றி சொன்னான். "கெய்ன்ஸைக் குடுத்த வள்ளலே!" என்றான். எமில் திட்டக்கூட இல்லை. மகன் ஏமாற்றிவிட்டான் என்று அடிவயிற்றிலிருந்து ஒன்று எழுந்து வந்தது. எல்லாம் பொருந்தியது. கார் நிறுத்துமிடத்துப் பேச்சு, ரெனேயின் தம்பி, எல்லாம். அழகாகப் பொருந்தியது. பொருந்தாத ஒன்றே ஒன்று: அந்தக் கணுக்கால் நிஜமாகவே போயிருந்தது.

போன் அடித்தது.

"அப்பா," என்றான் டாரன். மூச்சு வாங்கினான். "நான் வேணும்னு செய்யல. சத்தியமா. பெல்ச்சர் ஓடுவான்னுதான் நெனச்சேன். நீ நம்பமாட்டேன்னு தெரியும். ஆனா—"

கிழவர் சுவரைப் பார்த்தார். நாற்காலி போகும்போல இருந்தது. அநேகமாகப் போய்விடும். பல் டாக்டர் மெத்தை போட்டுக்கொண்டு உட்காருவான்.

"நீயும் என்னை மாதிரிதான்டா," என்றார். "உனக்கும் ஒரு மண்ணும் தெரியல."

அந்தப் பக்கமிருந்து சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

"அடுத்த வாரம் யாரை எடுக்கறது, சொல்லு," என்றார் எமில்.